புது வீட்டில் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை

வேளிமலை:

போன சித்திரையில் தக்கலை பக்கம் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு வைத்தோம். ஹால் இருபதுக்குப் பதினாலு அடி. தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து வழவழவென்று பெயிண்ட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். வந்தவர்கள் எல்லாரும் "கொட்டாரம் (அரண்மனை) மாதிரி இருக்கு" என்றார்கள். குடியேறிய ஒரு வாரத்தில் அம்மாவுக்குப் பேச்சு பிடிபடாமல் போனது.

அம்மாவுக்கு 78 வயது. காதில் மெஷின் உண்டு. பழைய ஓட்டு வீட்டில் அடுக்களையிலிருந்து கேட்டால் திண்ணையிலிருந்து பதில் வரும். இங்கே நாலடி தள்ளி நின்று, "அம்மா, ஆப்பம் வேணுமா?" என்றேன். "அப்பனா? அவரு போயி பதினொரு வருசம் ஆச்சே மக்கா" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மெஷினைக் கொண்டுபோய்க் காட்டினோம். பழுது ஒன்றும் இல்லை, காதும் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்றார்கள்.

அப்புறம் ஒரு நாள், சாமான்களை ஒதுக்கிவிட்டு ஹாலைக் கழுவும்போது வாளி கீழே விழுந்தது. அந்தச் சத்தம் அடங்க எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கோளாறு அம்மாவிடம் இல்லை, அறையில். இந்த மாதிரி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

மைக்செட்காரன்:

அண்ணே, நான் தினமும் பார்ப்பது இதைத்தான். கல்யாண மண்டபத்தில் காலையில் ஆள் வருமுன் மைக் டெஸ்ட் செய்தால் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி இருக்கும். மண்டபக்காரர் பதறுவார். ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் தானாகவே தெளியும். ஆளும் உடுத்தியிருக்கிற துணியும் சத்தத்தைக் குடித்துவிடும். திறந்த ஜன்னலில் போன சத்தம் திரும்பி வராது; ஒரு ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை முதலில் கணக்காக்கியவர் ஹார்வர்டில் பாடம் நடத்திய வாலஸ் சாபின். 1895-ல் அங்கே ஒரு விரிவுரை அறையில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை, சத்தம் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. மனுஷன் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரி தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த கணக்கு இது: மீட்டர் கணக்கில் அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, உள்ளே சத்தம் குடிக்கிற பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று வரும். உங்கள் ஹால் பத்தடி உயரம் என்றால் சுமார் 80 கன மீட்டர். டைல்ஸும் சிமெண்டும் தங்கள் மேல் விழும் சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் குடிக்கும். சோபாவையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்றரை வினாடிக்கு மேல் வரும். வகுப்பறைக்கு அமெரிக்கத் தரம் சொல்வது 0.6 வினாடி.

அம்மாவுக்கு ஏன் குழம்புகிறது என்றால், 'ஆ' மாதிரி உயிரொலிக்குப் பலம் அதிகம், நீளமும் அதிகம். க், ட், த், ப் எல்லாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். முந்தின 'ஆ'வின் வால் சுவரில் அலைந்து வந்து அடுத்த மெய்யை மூடிவிடும். நீங்கள் கத்தினால் வாலும் சேர்ந்து பெருகும், மெஷினும் இரண்டையும் சேர்த்தே பெருக்கும். அதனால் கத்தாதீர்கள், கிட்டே போங்கள். ஆறடி தள்ளி நின்று பேசுகிறவர் மூன்றடிக்கு வந்தால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும், வால் அப்படியே கிடக்கும்.

குலசேகரம் டீச்சர்:

எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. துலாம் (ஐப்பசி) மாதத்து மத்தியான மழை பிடித்தால் பாடம் முடிந்தது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நிற்பேன். ஒரு பிள்ளையின் அப்பா தகரத்துக்கு மேல் முடைந்த ஓலையைப் பரப்பிக் கட்டிக் கொடுத்தார். துளி தகரத்தில் நேரே அடிக்காததால் பாதித் தொல்லை போயிற்று. ஓலை மட்கும், வருஷா வருஷம் மாற்ற வேண்டும், அதுதான் பாடு.

புது ஹால்காரர்:

தெர்மாகோல் ஒட்டினால் போதும் என்கிறார்களே?

மைக்செட்காரன்:

ஒட்டாதீர்கள். காற்று உள்ளே போய் வர இடம் இருந்தால்தான் சத்தம் அதில் உரசித் தேயும். தெர்மாகோலுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் காற்றறைகள் எல்லாம் மூடிக் கிடக்கும். வெயிலுக்கு ஆகும், இதற்கு ஆகாது. தீப்பிடிக்கிற பயம் வேறு. சாதாரண ஜிப்சம் சீலிங்கும் அழகுக்குத்தான்.

குளச்சல்:

பழசெல்லாம் நல்லது என்று யாராவது ஆரம்பிக்குமுன் சொல்லிவிடுகிறேன். சுசீந்திரம் பிரகாரத்தில் மேளம் கேட்டால் மயிர்க்கூச்செறியும், அங்கே நின்று கூட்டத்தில் ரகசியம் பேசிப் பாருங்கள். எங்கள் ஊர்க் கோயிலிலும் பாட்டு தேன், பிரசங்கம் புகை. முன்பு ஒரு வயசான சாமியார் இருந்தார். நாலு வார்த்தை சொல்வார், நிறுத்துவார், அது அடங்கியதும் அடுத்த நாலு. அவர் பேசியது மட்டும் கடைசி வரிசைக்கும் புரியும். பிறகு வந்தவர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கூட்டினார்கள். முன்னால் ஒரு பெட்டி, முப்பது மீட்டர் தள்ளி ஒரு பெட்டி. பின்னால் இருப்பவனுக்கு ஒரே சொல் இரண்டு தடவை வருகிறது!

வேளிமலை:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கண்ணாடிக்கு முன்னால் கனத்த பருத்தித் துணியில், ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் திரை தொங்கவிட்டோம். நடுவில் பெரிய ஜமுக்காளம். எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி, சத்தம் சிதறட்டும் என்று புத்தகங்களை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் அடுக்கினேன். மனைவிக்குத் தூசியென்று கோபம், அது நியாயம்தான். டிவி ஓடும்போது அம்மாவிடம் பேசுவதில்லை.

நேற்று அடுக்களையில் நானும் மனைவியும் அம்மாவின் மருந்துச் செலவைப் பற்றி மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஹாலிலிருந்து குரல் வந்தது: "அந்த நீல மாத்திரைய நிறுத்திப் போடு மக்கா, அது எனக்குப் பிடிக்கயே இல்ல."