வெங்காய விதை ஒரு வருடத்தில் செத்துவிடுமா?

உரும்பிராய்க்காரன்: போன வருடம் வாங்கிய வெங்காய விதையில் மிச்சத்தைப் போத்தலில் போட்டுத் தகரக் கொட்டிலில் வைத்திருந்தேன், இப்போது பாத்தியில் போட்டால் நூற்றுக்குப் பத்துக்கூட முளைக்கவில்லை. அதே கொட்டிலில் கிடந்த பயறு மட்டும் நன்றாக வந்தது. ஏன்?

கமத்துப்பிள்ளை: அண்ணை, தகரக் கொட்டில்தான் ஆளைக் கவிழ்த்திருக்கிறது. வெங்காய விதை இயல்பிலேயே குறுகிய ஆயுள் உள்ளது, பயறு அப்படியில்லை. ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படித்தான். தோராயமான கணக்குத்தான், ஆனால் எங்கள் வெக்கைக்கும் மாரி ஈரத்துக்கும் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்!

பனங்கொட்டை: இஸ்ரேலின் மசாடாக் கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டை 2005இல் முளைத்ததே. அது பாலைவன வறட்சி, இது யாழ்ப்பாணம்.

உரும்பிராய்க்காரன்: சரி, பிரிட்ஜில் வைத்தால் போதுமா?

கமத்துப்பிள்ளை: முதலில் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு வைத்தால் பயனில்லை. காற்றுப் புகாத போத்தல், உள்ளே ஒரு துணிப்பொட்டலத்தில் வறுத்து ஆறிய அரிசி. வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள், குளிர் விடட்டும், இல்லாவிட்டால் விதைமேல் வியர்த்துவிடும். அப்புறம் விதைக்க முன்னர் 50 விதையை ஈரத்துணியில் சுற்றிப் பத்து நாள் பாருங்கள்.