சைனும் ஈ பவரும் ஒரே சமன்பாட்டில் வந்தால்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இன்ஜினியரிங் படித்தவர்கள் பலருக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும்: காஸ் எக்ஸ் = எக்ஸ் × ஈ பவர் எக்ஸ் (ஈ என்பது 2.718 என்று தொடங்கும் மாறிலி), மூலத்தை, அதாவது சமன்பாட்டுக்குப் பொருந்துகிற எக்ஸை, நான்கு தசம இடத்துக்குக் கண்டுபிடி. நான் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் (தோராயமாகப் படிப்படியாக விடை காணும் பாடம்) எடுக்கிறேன், வருஷா வருஷம் இதே கணக்கைத் திருத்துகிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை. விடை 0.5178. ஆனால் ஒவ்வொரு விடைத்தாள் கட்டிலும் சிலர் 0.5671 என்று எழுதியிருப்பார்கள், அதுவும் நியூட்டன்-ராப்சன் (சாய்வை வைத்து மூலத்தை நெருங்கும் முறை) சூத்திரம் சரி, வகைக்கெழு சரி, படிகள் எல்லாம் சுத்தம். அந்த எண்ணைப் பார்த்ததுமே கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். டிகிரியில் வைத்து காஸ் 0.5 போட்டால் அரை டிகிரியின் காஸ் வரும், அதாவது 0.99996, கிட்டத்தட்ட ஒன்று. ஆக அந்தப் பிள்ளை தீர்த்தது எக்ஸ் × ஈ பவர் எக்ஸ் = 1 என்ற வேறு ஒரு சமன்பாட்டை, அதன் மூலம் 0.567143. கணிதத்தில் ஒமேகா மாறிலி என்று பெயர் பெற்ற எண் அது, பாவம், தேர்வறையில் அதைக் கண்டுபிடித்ததற்கு மார்க் கிடையாது.

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கிராஃப். காஸ் எவ்வளவு ஆடினாலும் மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் நடுவில்தான். எக்ஸ் × ஈ பவர் எக்ஸ் 0.567-லேயே ஒன்றைத் தாண்டிவிடுகிறது, அப்புறம் கீழே இறங்குவதே இல்லை, அதனால் நேர் பக்கத்தில் ஒரே ஒரு வெட்டுப்புள்ளி, வேறெங்கும் தேட வேண்டாம். எதிர் பக்கம் கதையே வேறு. அங்கே ஈ பவர் சுருங்கிப் பூஜ்யத்தோடு ஒட்டிக்கொள்கிறது, காஸ் ஆடிக்கொண்டே இருக்கிறது, எனவே முடிவில்லாமல் மூலங்கள் (முதலாவது மைனஸ் 1.864 பக்கத்தில்). கேள்வியில் ஒரு மூலம் மட்டும் கேட்பதால் இந்தப் பக்கத்தை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இன்னொன்று. 0.5-ல் தொடங்கினால் நியூட்டன் அடுத்த படியில் 0.51803, அதற்கடுத்து 0.51776, முடிந்தது. ரெகுலா ஃபால்சியை (மூலத்தை இரு முனைகளுக்கு நடுவில் அடைத்து நெருங்கும் முறை) 0, 1 என்று வைத்துத் தொடங்கினால் 0.31467, 0.44673, 0.49402 என்று நகர்ந்து நகர்ந்து வரும், ஏனென்றால் வலது முனை 1-ஐ விட்டு அசையவே அசையாது. 0.5-லும் 0.6-லும் இரு பக்கங்களின் வித்தியாசத்துக்குக் குறி மாறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

நீங்கள் இந்த வகைச் சமன்பாட்டை எங்கே சந்தித்தீர்கள்? பாடத்திலோ வேலையிலோ, எதுவானாலும் எழுதுங்கள்.

*

மேடம், நான் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்). எங்களுக்கு இது பவர் எலக்ட்ரானிக்ஸில் வந்தது, அங்கே யாரும் இதைக் கணிதம் என்று சொல்லித் தரவில்லை, "பீட்டாவை டிரையல் அண்ட் எரரில் போட்டுக்கொள்" என்றதோடு சரி.

ஒரு டையோடு, அதோடு தொடரில் ஒரு ரெசிஸ்டரும் காயிலும், ஏசி சப்ளை. வோல்டேஜ் 180 டிகிரியில் பூஜ்யமாகிவிடும், ஆனால் காயில் கரண்டை உடனே விடாது, தாண்டியும் கொஞ்சம் ஓடும். எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதுதான் பீட்டா. கரண்டுக்கு இரண்டு பகுதி: சப்ளை தருகிற சைன், தொடக்கத்தில் வந்து தேய்ந்துபோகிற ஈ பவர். இரண்டின் கூட்டல் பூஜ்யமாகிற இடம் வேண்டும், அதாவது சைன் (பீட்டா − ஃபை) + சைன் ஃபை × ஈ பவர் (−பீட்டா / டேன் ஃபை) = 0. ஃபை என்பது காயிலால் கரண்டு வோல்டேஜுக்குப் பின்தங்குகிற கோணம். பீட்டாவைத் தனியாகப் பிரித்து எழுத ஒரு வழியும் இல்லை.

லேபில் 10 ஓம், 31.8 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் காயிலின் ரியாக்டன்ஸும் (ஏசிக்கு அது காட்டும் தடையும்) 10 ஓம்தான், ஃபை 45 டிகிரி. ஈ பவரை மறந்துவிட்டால் விடை 180 + 45 = 225 டிகிரி. சமன்பாட்டை ஒழுங்காகத் தீர்த்தால் 225.8. ஆஸிலோஸ்கோப் திரையில் இது 12.5 மில்லிசெகண்டுக்கும் 12.54-க்கும் உள்ள வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. அதனால் "இந்தக் கணக்கெல்லாம் எதற்கு" என்று பையன்கள் கேட்பதில் நியாயம் இருக்கிற மாதிரி தோன்றும். காயிலைப் பெரிதாக்கி ஃபையை 80 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். குறுக்குவழி 260 என்று சொல்லும், உண்மை விடை 284 டிகிரிக்கு மேல். இருபத்துநான்கு டிகிரி! காயில் பெரிதாக ஆக ஈ பவர் தேய்வதற்கு நேரம் எடுக்கிறது, கரண்டு நிற்கிற நேரத்திலும் அது உயிரோடு இருக்கிறது. ரெசிஸ்டர் பெரிதா காயில் பெரிதா என்று பார்க்காமல் அந்தப் பகுதியைத் தூக்கி எறியக் கூடாது என்று இதை லேபில் நேரில் பார்த்த பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

*

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஜேஇஇ (இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு) கணக்கு எடுப்பவன். எங்கள் பக்கம் இந்த வகைக் கேள்வியில் மூலத்தைக் கேட்கவே மாட்டார்கள், எத்தனை மூலம் என்று மட்டும் கேட்பார்கள். 2012 ஏஐஇஇஇ-யில் (ஜேஇஇ மெயினுக்கு முன்பிருந்த தேர்வு) வந்தது: ஈ பவர் சைன் எக்ஸ் − ஈ பவர் மைனஸ் சைன் எக்ஸ் − 4 = 0, மெய் மூலங்கள் எத்தனை? வழக்கமாகச் செய்வது, ஈ பவர் சைன் எக்ஸை டி என்று வைத்து டி ஸ்கொயர் − 4டி − 1 = 0 ஆக்கி, டி = 2 ± ரூட் 5 என்று எடுத்து, ஒன்று எதிர் எண், ஆகாது, இன்னொன்று 4.236, அது ஈ-யைவிட, அதாவது 2.718-ஐவிடப் பெரிது, ஆகவே அதுவும் ஆகாது, மூலமே இல்லை என்று முடிப்பது. தவறில்லை. ஆனால் மேடம் சொன்ன பார்வையில் இதற்கு அரை வரிதான் தேவை: சைன் ஒன்றைத் தாண்டாது, ஆக இடது பக்கத்தின் முதல் இரண்டு உறுப்புகள் சேர்ந்து அதிகபட்சம் ஈ கழித்தல் ஒன்றின் கீழ் ஈ, அதாவது 2.35. நாலை எப்படித் தொடும்?

இதைச் சொல்லிக்கொடுத்தால் சில பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், சிலர் "சார், ஸ்டெப் போட வேண்டாமா" என்பார்கள். இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் நான் இன்னும் வகுப்பு எடுக்கிறேன்.

*

மெக்கானிக்கல். ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்த கம்பி அல்லது பட்டை, மறு முனை சும்மா தொங்குகிறது, அது எந்த அதிர்வெண்ணில் ஆடும்? கடைசியில் வந்து நிற்கிற சமன்பாடு காஸ் எக்ஸ் × காஷ் எக்ஸ் = −1. காஷ் என்பது ஈ பவர் எக்ஸும் ஈ பவர் மைனஸ் எக்ஸும் கூட்டி இரண்டால் வகுத்தது, ஆக இதுவும் உங்கள் குடும்பம்தான். மூலங்கள் 1.8751, 4.6941, 7.8548, 10.9955.

நான் இதை ஸ்டீல் ஸ்கேலை மேசை ஓரத்தில் சி-கிளாம்பில் பிடித்துவிட்டுத்தான் ஜூனியர்களுக்குக் காட்டுவேன். ஒரு மில்லிமீட்டர் தடிமன், 25 சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருந்தால் முதல் அதிர்வு ஏறத்தாழ 13 ஹெர்ட்ஸ், கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாவது 26 அல்லது 39 என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், வீணைத் தந்தியைப் போல முழு மடங்காக வரும் என்ற நினைப்பு. வராது. 4.6941-ஐ 1.8751-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 6.27, ஆக 82 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த விநோதமான 6.27 இந்தச் சமன்பாட்டிலிருந்து மட்டுமே வருகிறது, அகலத்துக்கும் அதில் வேலை இல்லை, இரும்பா அலுமினியமா என்பதற்கும் வேலை இல்லை.

கம்ப்யூட்டரில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை அப்படியே பெருக்கலாக வைத்து மூலம் தேடாதீர்கள். எக்ஸ் 11 ஆகும்போது காஷ் கிட்டத்தட்ட முப்பதாயிரம், கிராஃப் ஒரு ஓரத்தில் வானத்துக்குப் போய்விடும், மற்ற மூலங்கள் அச்சோடு ஒட்டிக் கோடாகத் தெரியும். காஷ் ஒருபோதும் பூஜ்யமாகாது, தைரியமாக வகுத்துவிடுங்கள்: காஸ் எக்ஸ் = −1 / காஷ் எக்ஸ். இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் அடங்கிவிட்டன. வலது பக்கம் சீக்கிரமே பூஜ்யமாகிவிடுவதால் மூன்றாவது மூலத்திலிருந்து காஸ் பூஜ்யமாகிற இடம்தான் விடை என்று சொல்லிவிடலாம், 7.8548-ஐ ஐந்து பையை இரண்டால் வகுத்ததோடு, அதாவது 7.8540-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

*

மேடம், எனக்கு ஒரு சந்தேகம், இதே இழையில் கேட்கிறேன். சைன் எக்ஸ் = ஈ பவர் மைனஸ் எக்ஸ். இரண்டு பக்கமும் லாக் எடுத்து எக்ஸ் = −லாக் (சைன் எக்ஸ்) என்று எழுதி 0.6-ல் தொடங்கினேன். 0.5716, 0.6144, 0.5508 என்று விலகிக்கொண்டே போகிறது. பக்கத்து பெஞ்சு பையன் சைன் இன்வர்ஸ் எடுத்து எக்ஸ் = சைன் இன்வர்ஸ் (ஈ பவர் மைனஸ் எக்ஸ்) என்று போட்டான், அவனுக்கு 0.5809, 0.5936, 0.5851 என்று நெருங்கி வருகிறது. ஒரே சமன்பாடுதானே?

*

தம்பி, சமன்பாடு ஒன்றுதான், ஆனால் திரும்பத் திரும்பப் போடுகிற சார்பு வேறு. மூலத்தின் அருகே அந்தச் சார்பின் சாய்வைப் பாருங்கள். உங்களுடையதில் அளவு சுமார் 1.5, அதாவது ஒவ்வொரு படியிலும் பிழை ஒன்றரை மடங்கு ஆகிறது. நண்பருடையதில் சரியாக அதன் தலைகீழ், மூன்றில் இரண்டு, அதனால் பிழை குறைகிறது. ஒன்று மற்றதன் எதிர்ச்சார்பு என்பதால் எப்போதும் இப்படித்தான்: ஒரு வடிவம் ஓடினால் மற்றது நெருங்கும். சாய்வு மைனஸ் என்பதால் விடை மூலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி விழுகிறது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவசரமென்றால் நியூட்டன் போடுங்கள், 0.6-லிருந்து ஒரே படியில் 0.5885 வந்துவிடும்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த மூலங்கள் 3.0964, 6.2850, 9.4247. பையின் மடங்குகளோடு வைத்துப் பாருங்கள், ஒற்றை மடங்குக்குக் கொஞ்சம் முன்னால், இரட்டை மடங்குக்குக் கொஞ்சம் பின்னால். ஏனென்றால் ஈ பவர் மைனஸ் எக்ஸ் எப்போதும் நேர் எண், சைன் நேர் எண்ணாக இருக்கிற மேட்டுக்குள்தான் அது வெட்ட முடியும். நான்கு பைக்கு எந்த முறையும் வேண்டாம், நான்கு பையோடு ஈ பவர் மைனஸ் நான்கு பையைக் கூட்டினால் போதும், கூட்டுகிற அந்த எண் 0.0000035. வீட்டுக்குப் போய் ஐந்து பைக்கு கூட்டணுமா கழிக்கணுமா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.