டர்போ இன்ஜினில் கேட்ச் கேன்: பிசிவி பக்கமா, ப்ரீதர் பக்கமா, இரண்டிலுமா?

ரெண்டாயிரம்சிசி:

வணக்கம். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்ஷன், எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டி. பூஸ்ட் அதிகபட்சம் 1.2 பார். இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் படலம், கீழ் வளைவில் கொஞ்சம் தேங்கியும் நிற்கிறது. கேட்ச் கேன் (இன்ஜின் வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) போடலாம் என்றிருக்கிறேன். டேப்பெட் கவரிலிருந்து (இன்ஜினின் மேல் மூடி) இரண்டு ஹோஸ் போகின்றன: ஒன்று பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு, இன்னொன்று, அதாவது ப்ரீதர் ஹோஸ், டர்போவுக்கு முந்தைய ஏர் பைப்புக்கு. கேன் எந்த ஹோஸில் வர வேண்டும்? செக் வால்வு (ஒருவழி வால்வு) கேனுக்கு முன்னாலா, பின்னாலா? மேனிஃபோல்ட் வழியை அடைத்துவிட்டு, கேன் மேல் சின்ன ஃபில்டர் வைத்து வெளியே விட்டால் போதும் என்கிறார்கள் சிலர். அது சரியா? ஹோஸ் என்ன அளவு?

டேப்பெட்கவர்:

கேன் கிடக்கட்டும், முதலில் காற்று எப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

ஐடிலிலும் மிதமான ஓட்டத்திலும் மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும். ஐடிலில் ஏறக்குறைய 60 முதல் 70 கிலோபாஸ்கல். அது பிசிவி வழியாக கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் இன்ஜினின் அடிப்பகுதி) வாயுவை இழுக்கும். இழுபட்ட அளவுக்கு ஏர் பைப்பிலிருந்து சுத்தமான காற்று ப்ரீதர் ஹோஸ் வழியாக டேப்பெட் கவருக்குள் வரும். இந்தக் குறுக்கோட்டம்தான் ஆயிலில் கலந்த நீராவியையும் பெட்ரோல் ஆவியையும் வெளியேற்றுகிறது.

பூஸ்ட் ஏறியதும் கதை தலைகீழ். மேனிஃபோல்டில் அழுத்தம் வந்ததால் பிசிவி மூடிக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிந்து வரும் வாயு, அதாவது ப்ளோ-பை, முழுவதும், சற்று முன்பு காற்று உள்ளே வந்த அதே ப்ரீதர் ஹோஸ் வழியாக வெளியேறி டர்போவின் வாய்க்குப் போகும். ப்ளோ-பை அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். உங்கள் இன்டர்கூலர் குழாயில் இருக்கும் ஆயில் பெரும்பாலும் இப்படி வந்தது. மேனிஃபோல்டுக்கு நேராகப் போகும் பிசிவி ஆயில் இன்டர்கூலரைத் தொடவே தொடாது. ஆனால் இன்டேக் வால்வின் முதுகில் கரி படிய அது ஒரு முக்கியக் காரணம். நேரடி இன்ஜெக்ஷனில் அதைக் கழுவிவிட வால்வு மேல் பெட்ரோல் படுவதில்லை.

ஆகவே இரண்டு ஹோஸிலும் வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால், வண்டி நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடுவதா, பூஸ்டிலேயே ஓடுவதா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். முதல் வகைக்குப் பிசிவி பக்கம், இரண்டாவதுக்கு ப்ரீதர் பக்கம்.

பிசிவி பக்கத்தின் வரிசை: டேப்பெட் கவர், கம்பெனி பிசிவி வால்வு, கேன், செக் வால்வு, மேனிஃபோல்ட். செக் வால்வின் அம்புக்குறி மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். அது கேனுக்கு முன்னால் இருந்தால் பூஸ்ட் முழுவதும் கேனுக்குள் இறங்கும். மூடி ஓ-ரிங்கில் கசியும் அல்லது டிரெய்ன் டியூப் பிடுங்கிக்கொள்ளும். இன்னொன்று: செக் வால்வு போட்டாயிற்று என்று கம்பெனி பிசிவியைக் கழற்றிவிடாதீர்கள். பிசிவி ஒருவழி வால்வு மட்டுமல்ல, ஓட்டத்தை அளந்தும் விடுகிறது. ஐடிலில் வேக்குவம் கூடும்போது அதன் ஊசி துவாரத்தைச் சுருக்கிவிடும். சாதாரண செக் வால்வு அதைச் செய்யாது. ஐடில் ஏறும், ஆயிலும் கூடுதலாக உறிஞ்சப்படும்.

வெளியே விடும் யோசனையை நான் சொல்ல மாட்டேன். மேனிஃபோல்ட் வழியை அடைத்தால் குறுக்கோட்டம் நின்றுபோகும். தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி, குறுகிய தூர ஓட்டங்களில் ஆயில் மூடிக்கு அடியில் மஞ்சள் பசை கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் வெளியே விட்டுப் பிசிவியை மேனிஃபோல்டிலேயே விட்டால் இன்னும் மோசம். எம்ஏஎஃப் அளக்காத காற்று ஃபில்டர் வழியாக உள்ளே வரும், அதை ஈடுகட்ட ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் செய்யும் பெட்ரோல் திருத்தம்) கூடிக்கொண்டே போகும், பி0171 (பெட்ரோல் குறைவான கலவை) என்ற கோளாறுக் கோடு வரும். கேபினில் வாடை வருவது தனி. சாலை வண்டிகளில் இது பல நாடுகளில் மாசு விதிகளுக்கும் எதிரானது.

ஒன்பதாம்ஸ்பேனர்:

மேலே சொன்னது சரி. ஹோஸ், கேன் பற்றி நான் சொல்றேன், வேலை கெடுறது பெரும்பாலும் அங்கதான்.

ப்ரீதர் பக்கம் உள்விட்டம் 19 மிமீ-க்குக் குறையாம பாருங்க. பரப்பைக் கணக்குப் போட்டா புரியும்: 19 மிமீ-க்கு சுமார் 284 சதுர மிமீ, 13 மிமீ-க்கு 133, 10 மிமீ-க்கு 79 மட்டுமே. ரெண்டு 13 மிமீ ஹோஸ் சேர்ந்தும் ஒரு 19-க்கு ஈடில்லை. கேன் கூட வர்ற பெட்டியில பெரும்பாலும் 10 மிமீ ஹோஸ்தான் இருக்கும். அது பிசிவி பக்கத்துக்குப் போதும், ப்ரீதருக்கு ஆகாது. ஹோஸ் பெருசா இருந்து, நடுவுல 90 டிகிரி ஃபிட்டிங் உள்ளே சின்ன துவாரமா இருந்தாலும் பயனில்லை. எங்கே மிகக் குறுகலோ அதுதான் உங்க உண்மையான அளவு.

ரப்பர் வகை முக்கியம். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர். ஆயில் பட்டா ஊதி மெத்துன்னு ஆயிடும். வெறும் சிலிக்கோனும் வேண்டாம். பார்க்க அழகா இருக்கும், கொஞ்ச நாள்ல ஆயில் ஊறி வெளியே வியர்க்கும். நைட்ரைல் ரப்பர் ஃப்யூயல் ஹோஸ் எடுங்க, இல்லேன்னா உள்ளே ஃப்ளோரோ பூச்சு இருக்கிற சிலிக்கோன். பிசிவி பக்கம் நூல் வலுவூட்டல் இருக்கணும், இல்லேன்னா சூடான பிறகு வேக்குவத்துல சப்பிப் போய் அடைச்சுக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தா இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

கேன் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம வாங்காதீங்க. காலி டப்பாவுல உள்வழியும் வெளிவழியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, ஆயில் புகை ஒரு வழியா வந்து மறு வழியா அப்படியே போயிடும். உள்வழி குழாய் கீழே இறங்கணும், நடுவுல தடுப்புத் தட்டு, அதுக்கு மேல ஸ்டெயின்லெஸ் வலை, வெளிவழி உச்சியில. கீழே தேங்குற ஆயிலைக் காற்றோட்டம் கிளப்பாம இருக்க இன்னொரு தட்டு இருந்தா உத்தமம். சாலை வண்டிக்கு 500 முதல் 750 மிலி தாராளம். வலைக்குப் பதிலா ஸ்டீல் வூல் திணிக்கவே கூடாது. அது உதிரும், ப்ரீதர் பக்கம் உதிர்ந்தா நேரா கம்ப்ரஸர் வீலுக்குத்தான் போகும். வலையை ரொம்ப இறுக்கி அடைச்சாலும் தப்பு: ஆயில் நல்லா பிடிக்கும், கிராங்க்கேஸ் அழுத்தமும் ஏறும். ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னா அழுத்தத்தைக் குறைக்கிறதையே பாருங்க. ஆயில் பிடிக்கிறது அதுக்கு அடுத்ததுதான்.

இடம்: டர்போ, எக்ஸாஸ்ட் சூடு படாத பக்கம். கேன் சூடானா ஆவி ஆவியாவே தாண்டிப் போயிடும். ஹோஸ் ஒரே சரிவா போகணும், நடுவுல தொங்கல் கூடாது. தொங்கலில் தண்ணி தேங்கும், உறைபனி ஊர்ல அது கட்டியாகி வழியை அடைச்சா கிராங்க் சீல் பிதுங்கும்.

ரெண்டாயிரம்சிசி:

இருவருக்கும் நன்றி. இரண்டு கேன் என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம்: போட்ட பிறகு அழுத்தம் கூடியதா இல்லையா என்று எப்படி அளப்பது? கேனில் பால் கலந்ததுபோல் திரவம் வரும் என்கிறார்கள், அது ஹெட் கேஸ்கெட் போனதற்கு அடையாளமா?

மானோமீட்டர்:

அளவு எடுக்கும் இடம் டிப்ஸ்டிக் குழாய். ஐடிலுக்குத் தெளிவான டியூபை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினாலே போதும். இரு பக்க மட்ட வித்தியாசம் 102 மிமீ என்றால் 1 கிலோபாஸ்கல். ஒவ்வொரு கையும் 60 செமீ-யாவது உயரம் இருக்கட்டும். டியூபை டிப்ஸ்டிக் குழாயின் வாய்க்கு முதலில் மெதுவாக நெருக்கிக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிசிவி ரெகுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளே உள்ள ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தால் வேக்குவம் எக்கச்சக்கமாக இருக்கும், தண்ணீரை இன்ஜின் குடித்துவிடும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கவே முடியாமல் இழுத்துப் பிடித்தாலோ, விசில் சத்தம் வந்தாலோ அந்த டயஃப்ரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அளக்கும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பூஸ்டில் தண்ணீர்க் குழாய் வேண்டாம். குறைந்த அழுத்த சென்சார் ஒன்றை அங்கே மாட்டி லாக் (அளவுகளின் பதிவு) எடுங்கள். 3 பார் மேப் சென்சாரில் (மேனிஃபோல்ட் அழுத்தம் அளப்பது) இந்தச் சின்ன மாற்றம் சரியாகத் தெரியாது. கேன் போடுவதற்கு முன் ஒரு லாக், பின் ஒரு லாக், அதே கியர், அதே ஆர்பிஎம். ஐடிலில் லேசான வேக்குவம் இருக்க வேண்டும். முழு பூஸ்டில் 3 கிலோபாஸ்கல் தாண்டினால் எங்கே குறுகல் என்று தேடுவேன். 7 கிலோபாஸ்கல், அதாவது 1 பிஎஸ்ஐ வந்தால் வண்டியை ஓட்ட மாட்டேன். டர்போவின் ஆயில் தன் எடையால் மட்டுமே சம்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது. சம்பில் அழுத்தம் எதிர்த்து நின்றால் அது இறங்காமல் டர்போ சீலைத் தாண்டி வெளியேறும். எக்ஸாஸ்டில் நீலப் புகை. டர்போ போய்விட்டது என்று பலர் டர்போவையே மாற்றுவதும், புதிய டர்போவும் அதே புகை விடுவதும் இதனால்தான்.

செக் வால்வைச் சோதிக்க: கம்ப்ரஸர் வெளிவாயிலிருந்து இன்டேக்கை 1 பாருக்குள் காற்றடித்து, ஆயில் மூடியைத் திறந்து காது கொடுங்கள். உஸ் என்றால் வால்வு பிடிக்கவில்லை. சோதனையை ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து செய்தால் ப்ரீதர் வழியை அடைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காற்று நேராக கிராங்க்கேஸுக்குப் போய், நல்ல வால்வையும் கெட்டது என்று சொல்ல வைக்கும், சீலுக்கும் ஆபத்து. பிளாஸ்டிக் செக் வால்வுகள் சூட்டில் வளைந்துபோகும், ஆயில் மாற்றும்போது ஊதிப் பாருங்கள்.

பால் நிறத் திரவம்: எரியும்போது உண்டாகும் நீராவி ப்ளோ-பையோடு வந்து குளிர்ந்த கேனில் ஆயிலோடு கலந்தது. குளிர்காலத்தில், குறுகிய ஓட்டத்தில் இது இயல்பு. கூலண்ட் மட்டம் இறங்குகிறதா, டிப்ஸ்டிக்கிலும் அதே நிறமா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கேஸ்கெட் மேல் பழி போட வேண்டாம். கேனில் வந்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீர், பெட்ரோல், அமிலம் எல்லாம் இருக்கிறது. முதல் 500 கிமீ-யில் ஒருமுறை திறந்து பாருங்கள், பிறகு உங்கள் வண்டியில் கேன் எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று தெரிந்துவிடும். உறைபனியில் வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள்.

500 கிமீ-க்குள் 200 மிலி சுத்தமான ஆயில் வந்தால் பெரிய கேன் வாங்குவது தீர்வல்ல. டேப்பெட் கவருக்குள் ப்ரீதர் வாய்க்கு அடியில் உள்ள தடுப்புத் தகடு கழன்றிருக்கிறதா, ஆயில் மேக்ஸிமம் கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது). 10 சதவீதத்துக்குள் நல்லது. 20-ஐத் தாண்டி, டிப்ஸ்டிக் குழாயில் காற்றுச் சத்தம் கேட்டால் பிஸ்டன் ரிங் வேலை.

மூணாவதுவளைவு:

ஒரு திருத்தம். டிராக் வண்டிக்கு 500 மிலி போதாது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஏறி ப்ரீதர் வாயை மூழ்கடிக்கும், அப்போது வருவது புகை இல்லை, ஆயிலேதான். பாக்ஸர் இன்ஜின்களில் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் வகை) டேப்பெட் கவர் பக்கவாட்டில் கிடப்பதால் இன்னும் அதிகம். அதனால்தான் அவற்றுக்குக் கூலண்டால் சூடாக்கப்பட்டு, ஆயிலைப் பிரித்துச் சம்புக்கே திருப்பும் செபரேட்டர் போடுகிறார்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகவே போய்விடுவதால் அங்கே மட்டும் ஆயிலைத் திருப்புவதில் தவறில்லை.

போட்டிக்குப் போவதாக இருந்தால் எஃப்ஐஏ-வின் (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) இணைப்பு ஜே விதிகளைப் பாருங்கள். ப்ரீதர் வெளியே திறந்த அமைப்பு என்றால் 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர் கேன், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே உள்ள மட்டம் வெளியிலிருந்து தெரிய வேண்டும்.

ஒன்பதாம்ஸ்பேனர்:

ஒத்துக்கிறேன், நான் சொன்னது சாலைக்கு மட்டும்தான். மட்டம் பார்க்க வெளியே ஒட்டுற பிளாஸ்டிக் டியூப் சூட்டுல இளகும், அதைவிட கேனுக்கு உள்ளேயே டிப்ஸ்டிக் வச்சது நல்லது. கேனைக் காலி பண்ண கீழே பால் வால்வு (ball valve) போட்டா கைப்பிடியை ஒரு கேபிள் டையால கட்டிடுங்க. அதிர்வுல திறந்துட்டா பிசிவி பக்கம் பெரிய வேக்குவம் லீக், ப்ரீதர் பக்கம் ஆயில் சிந்துறது எக்ஸாஸ்ட் மேல.