வயலில் பறித்த நெல் இலையில் ஆர்.என்.ஏ. தங்கவே மாட்டேன் என்கிறது

நாகர்கோவிலில், நெல்லின் உப்புத் தாங்கும் திறனில் பி.எச்.டி., மூன்றாம் வருஷம். மணக்குடிக் காயல் பக்கம் கும்பப்பூ (இரண்டாம் போகம்) வயலில் பறிக்கும் டி.பி.எஸ். 3 நெல் ரகத்தின் இலைகளில் ஆர்.என்.ஏ. ஒரு மாதமாகச் சிதைந்தே வருகிறது. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், ஆர்.என்.ஏ. முழுசாக இருப்பதைக் காட்டும் 25எஸ், 18எஸ் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில், சுண்ணாம்பை விரலால் இழுத்துவிட்ட மாதிரி ஒரே தீற்றல். 260/280 (புரதக் கலப்பு உண்டா என்று காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதம், சிதைவைக் காட்டாது) மட்டும் 1.9, அதை நம்பித்தான் முதல் வாரம் ஏமாந்தேன்.

ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் டிரைசால் புதிது, அதைச் சிதைக்கும் நொதிகளை முடக்கிய டிஇபிசி தண்ணீர் புதிது, மார்ட்டரைக்கூட ஓவனில் 180 டிகிரியில் வைத்து எடுத்தாயிற்று. லேபில் 150 மில்லிமோலார் உப்பில் வளர்த்த நாற்று அதே டிரைசாலில் சுத்தமாக வருகிறது, அப்போ கோளாறு பைக்கில் ஐஸ் பெட்டியோடு வரும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான். திசுவுக்குள் ஊறி ஆர்.என்.ஏ.வைக் காக்கும் கரைசலான ஆர்.என்.ஏ.லேட்டரில் முழு இலையைப் போட்டேன், மிதக்கிறது.

வரப்பில் திரவ நைட்ரஜன் கேனைத் தூக்க வழியில்லாதபோது, நெல் இலையை லேப் வரை கெடாமல் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்?