ட்வைலைட் ஸோன்: முடிவு முன்பே தெரிந்துவிட்டால் எந்த எபிசோடுகளைப் பார்ப்பது?

புதுவிழி:
வணக்கம். 'ட்வைலைட் ஸோன்' என்ற பழைய அமெரிக்க டிவி தொடரின் (1959–64, ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை) முழுத் தொகுப்பும் கைக்கு வந்திருக்கிறது. மொத்தம் 156 எபிசோடு. வரிசையாக உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், மூக்குக்கண்ணாடிக்காரர், விமான இறக்கையில் குந்தியிருக்கும் ஜந்து, முகக்கட்டு பிரிக்கும் பெண் என்று பேர்போன முடிச்சுகள் எல்லாம் மீம்களிலும் கார்ட்டூன்களிலும் வந்து எனக்கு அவிழ்ந்துவிட்டன. கடைசி இரண்டு நிமிடத் திருப்பத்துக்காகவே எடுத்த தொடர் என்கிறார்கள். அது தெரிந்தபின் என்ன மிச்சம்? எதில் தொடங்கலாம்?

ராக்கெட்ராஜா:
யோசிக்கவே வேண்டாம். 'டைம் இனஃப் அட் லாஸ்ட்', 'டு சர்வ் மேன்', 'நைட்மேர் அட் 20,000 ஃபீட்'. கடைசியாகச் சொன்னதில் வில்லியம் ஷாட்னர். 1963-ல் வந்தது, அவர் ஸ்டார் ட்ரெக் தொடரில் நாயகனாவதற்கு மூன்று வருடம் முன்னால். இயக்கம் ரிச்சர்ட் டானர். இந்த மூன்றையும் பார்க்காமல் ட்வைலைட் ஸோன் பார்த்தேன் என்று வெளியே சொல்லாதீர்கள் :)

வெட்டுக்காரன்:
ராஜா சொன்ன பட்டியல் எல்லோரும் சொல்லும் பட்டியல். புதுவிழி கேட்டது வேறு.

நான் வீடியோ எடிட்டிங்கில் பிழைப்பு நடத்துகிறவன். ஒரே காட்சியைச் சலிக்கச் சலிக்க ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டிய தொழில். அதனால் எனக்கு ஒரே அளவுகோல்தான்: இரண்டாம் முறை ஓடும்போது தாங்குகிறதா? 'டு சர்வ் மேன்' தாங்காது. கடைசி வசனம் பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தெரிந்துவிட்டால் ஐ.நா. சபையில் நெட்டை வேற்றுக்கிரகவாசி பேசுவதை எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கடத்த வேண்டும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது 'இட்ஸ் எ குட் லைஃப்' (1961). இதில் திருப்பமே கிடையாது. தொடரை உருவாக்கிக் கதைசொல்லியாகவும் வரும் ராட் செர்லிங் ஆரம்பத்திலேயே நேராக வந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்: இந்த ஊரில் ஒரு அரக்கன், நினைத்த மாத்திரத்தில் எதையும் செய்வான், பெயர் ஆண்டனி, வயது ஆறு. அவ்வளவுதான். அதன்பிறகு நாம் பார்ப்பதெல்லாம் பெரியவர்களின் முகங்களை. பையன் எதைச் செய்தாலும் "நல்லது, ரொம்ப நல்லது" என்று சிரிக்க வேண்டும். மனதில் வேறு நினைத்தாலும் அவனுக்குக் கேட்டுவிடும். பிறந்தநாள் விழாவில் டான் ஹாலிஸ் குடித்துவிட்டுக் கத்துகிறார்: யாராவது ஒருத்தர் பின்னாலிருந்து அவனை அடித்துக் கொல்லுங்களேன், நான் அவன் கவனத்தைப் பிடித்துவைக்கிறேன் என்று. ஆமி அத்தையின் கை கணப்பருகே கிடக்கும் இரும்புக் கம்பியை நோக்கிப் போகும். போய், திரும்பிவிடும். அந்தக் கையை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. கண் முழுக்கப் பையன் மேல்தான் இருந்தது. அடுத்த தடவை அந்தக் கையை விட்டு என் கண் நகரவில்லை. குழந்தையை நடித்த பில் மூமி ஒரு இடத்திலும் 'வில்லன்' பார்வை பார்ப்பதில்லை. அதுதான் பயமே.

அடுத்தது உங்களுக்குத் தெரிந்துபோன முகக்கட்டுக் கதை. 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' (1960). முடிவு தெரிந்தவர்கள்தான் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன். ஏன் என்றால், ஏறக்குறைய படம் முழுக்க டாக்டர், நர்ஸ் என்று யார் முகமும் நமக்குக் காட்டப்படுவதில்லை. அதைவிட முக்கியம், காட்டவில்லை என்பதே நமக்கு உறைப்பதில்லை. ஆள் நிழலில் நிற்கிறார், முதுகு தெரிகிறது, சிகரெட் கைமட்டும் வருகிறது, கேமரா சாவகாசமாக நகர்ந்து வேறெங்கோ போய்விடுகிறது. இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸ், ஒளிப்பதிவு ஜார்ஜ் கிளெமென்ஸ். ஒரு இடத்திலாவது கள்ளத்தனமாக வெட்டியிருப்பார்கள் என்று தேடிப் பார்த்தேன். இல்லை. எல்லாம் ஆட்கள் நிற்கிற இடத்தாலும் விளக்கு வைத்த இடத்தாலும் செய்த வேலை. கட்டுக்குள் இருப்பவர் ஒரு நடிகை, மாக்ஸின் ஸ்டுவர்ட். கட்டுப் பிரித்ததும் வருபவர் வேறொருவர், டானா டக்ளஸ். முன்னவர் முகமே இல்லாமல், கையும் குரலுமாக மட்டுமே நடித்திருக்கிறார்.

'மேப்பிள் ஸ்ட்ரீட்' (முழுப்பெயர் 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்', 1960): கரண்ட் போகிறது, தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். கடைசிக் காட்சியை நீக்கிவிட்டாலும் கதை முழுசாக நிற்கும். எனக்கு அந்தக் கடைசிக் காட்சி பிடிக்காது. தேவையில்லாத கோனார் உரை.

'வாக்கிங் டிஸ்டன்ஸ்' (1959) பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள். விளம்பரக் கம்பெனியில் பெரிய வேலை பார்க்கும் முப்பத்தாறு வயது மார்ட்டின் ஸ்லோன், காரைப் பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டுப் பிறந்த ஊருக்கு நடந்து போகிறான். ஊர் அவன் சிறுவனாக இருந்த காலத்திலேயே இருக்கிறது. அம்மா கதவைச் சாத்துகிறாள், யாரோ பைத்தியம் என்று. பிற்பாடு அப்பா அவன் தவறவிட்ட பர்ஸை எடுத்து வருகிறார். உள்ளே இருந்த லைசென்ஸையும் நோட்டுகளில் அச்சிட்ட வருடங்களையும் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. மகனைவிட வயதில் அதிகம் மூத்தவராகவும் தெரியாத அப்பா, "நீ இங்கே இருக்கக்கூடாது, போய்விடு" என்கிறார். கோபம் இல்லை, அழுகை இல்லை. காலப்பயணக் கதைகளில் யந்திரம், முரண்பாடு, விதி என்று மூச்சுவாங்குவார்கள். இங்கே ஒரு பர்ஸ் போதும். பின்னணி இசை பெர்னார்ட் ஹெர்மன். ராட்டினக் காட்சியில் கேமரா சாயும்போது அந்த இசையும் கூடவே சாயும்.

நிழலாட்டம்:
வெட்டுக்காரன் அண்ணா, அளவுகோல் சரி, அதை 'டைம் இனஃப்'புக்குப் பொருத்தாமல் ஏன் தாண்டிப் போனீர்கள்? முடிவு தெரிந்து பார்த்தால்தான் அது வலிக்கிறது. மூக்குக்கண்ணாடிக்காரர் ஹென்றி பெமிஸின் மனைவி கவிதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறாள். ஆசையாகத் திறக்கிறார், ஒவ்வொரு வரியும் பேனாவால் அடிக்கப்பட்டிருக்கிறது. தெரியாமல் பார்த்தபோது அது குடும்பச் சண்டை நகைச்சுவை. தெரிந்து பார்த்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. பர்ஜஸ் மெரிடித் அந்தத் தடிக் கண்ணாடியை ஏற்றிவிடும் ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைந்தது.

வெட்டுக்காரன்:
நிழலாட்டம், மெரிடித் நடிப்பைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லை. புத்தகக் காட்சியும் நீங்கள் சொன்னபடிதான். எனக்குக் கதை எழுதியவர்கள்மேல் கோபம். வாசிக்க ஆசைப்பட்டதைத் தவிர அந்த ஆள் என்ன பாவம் செய்தார்? இந்தத் தொடரில் பொதுவாகத் தண்டனை என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும். இங்கே கணக்கு இல்லை, கேலி மட்டும்தான். பாருங்கள், ஆனால் முதலில் வேண்டாம்.

புதுவிழி:
அருமை! இரண்டு சந்தேகம். முதல் சீசனைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன், அந்தப் பிரபலமான இசையே வரவில்லை. இரண்டாவது சீசனில் சில எபிசோடுகள் பழைய டிவி நாடகம் மாதிரி மங்கலாக இருக்கின்றன. என் பிரதி மோசமா? அப்புறம், நான்காவது சீசன் ஏன் இவ்வளவு நீளம்?

வெட்டுக்காரன்:
பிரதி சரிதான். முதல் சீசனின் முகப்பு இசையும் ஹெர்மனுடையது. நீங்கள் தேடும் கிடார் இசை மாரியஸ் கான்ஸ்டன்ட் செய்தது, இரண்டாம் சீசனில்தான் வந்தது. மங்கலானவை செலவைக் குறைக்க ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் எடுத்த ஆறு எபிசோடுகள். அவற்றில் 'நைட் ஆஃப் தி மீக்' மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான்காவது சீசன் (1963) ஒரு மணி நேர அளவில் 18 எபிசோடு. அரைமணிக் கதையை இழுத்து நீட்டியது பலவற்றில் தெரியும். தயங்காமல் தாண்டுங்கள். விதிவிலக்கு 'ஆன் தர்ஸ்டே வி லீவ் ஃபார் ஹோம்'. இரண்டு சூரியன் காயும் இடத்தில் முப்பது வருடமாகச் சிக்கிக் கிடக்கும் மக்களைக் கட்டிக்காத்த தலைவர், மீட்புக் கப்பல் வந்ததும் என்ன ஆகிறார் என்பது கதை. தலைவராக ஜேம்ஸ் விட்மோர். இதற்கு ஒரு மணி நேரம் தேவைப்பட்டது.

ராக்கெட்ராஜா:
'தி இன்வேடர்ஸ்' யாருமே சொல்லவில்லையே! தனியாக ஒரு கிழவி, குட்டி விண்கலம், அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

வெட்டுக்காரன்:
ராஜா, அதற்கு என் முழு ஓட்டு. ஆக்னஸ் மூர்ஹெட் முனகலும் மூச்சுமாகவே முழுக் கதையையும் சுமக்கிறார். அந்த விண்கலம்கூட எம்ஜிஎம் ஸ்டுடியோ 1956-ல் எடுத்த ஒரு படத்துக்குச் செய்த மாடல்தான். புதுவிழி, முடிவு தெரியாத ஒன்று உங்களுக்கு மிச்சம் இருக்கிறதென்றால் இதுவாகத்தான் இருக்கும். தேடிப் படிக்காமல் இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.