முதலீட்டுக்கு காண்டோ: நாளைக்கே 1% செக் கொடுக்கலாமா? அவசரம்

தெம்பனிஸ்_புதுசு: வணக்கம். சிங்கப்பூர்ல வாடகைக்கு விட ஒன்-பெட்ரூம் காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) பாத்திருக்கேன். ரீசேல், 1.2 மில்லியன் வெள்ளி. ரொக்கம் 280,000, சிபிஎஃப்ல (மத்திய சேமநிதி) 150,000 இருக்கு. விலையில 25% முன்பணம் இருந்தா போதும்னு ஏஜெண்ட் சொல்றாரு. நாளைக்கு 1% செக் கேக்குறாரு. கொடுக்கலாமா?

ஈசூன்காரன்: இப்ப எங்க இருக்கீங்க? எச்டிபியா (வீவக, அரசாங்க அடுக்குமாடி வீடு)? யார் பேர்ல?

கணக்குப்புள்ள: எம்ஓபி (வீவக வீட்டுல கட்டாயம் குடியிருக்க வேண்டிய காலம்) முடிஞ்சுதா? வீட்டுக்கடன் பாக்கி இருக்கா? சிட்டிசனா, பிஆரா (நிரந்தரவாசி)? இது தெரியாம யாரும் பதில் சொல்ல முடியாது.

தேக்கா_டீ: எதுக்குங்க காண்டோ? ரீட் (சொத்துல முதலீடு பண்ற அறக்கட்டளைப் பங்கு) வாங்கிப் போடுங்க. ஏபிஎஸ்டி (வீடு வாங்குறவங்களுக்கான கூடுதல் முத்திரை வரி) இல்ல, குழாய் உடைஞ்சா ராத்திரி யாரும் போன் பண்ண மாட்டாங்க.

தெம்பனிஸ்_புதுசு: நாலறை எச்டிபி வீடு, என் பேரும் வீட்டுக்காரம்மா பேரும். எம்ஓபி முடிஞ்சிருச்சு. லோன் ஓடுது.

கணக்குப்புள்ள: லோன் ஓடுதுன்னா 25% கதை உங்களுக்கு இல்ல. ஒரு வீட்டுக்கடன் பாக்கி இருக்கும்போது அடுத்ததுக்கு பேங்க் 45% வரைதான் தரும். மிச்சம் 55%, அதாவது 660,000 நீங்க போடணும். அதுல விலையோட 25%, 300,000 கட்டாயம் ரொக்கம். சிட்டிசன்னு வச்சாலும் ரெண்டாவது வீட்டுக்கு ஏபிஎஸ்டி 20%, 240,000. சாதா முத்திரை வரி 32,600. மொத்தம் 932,600. பழைய லோனை முழுசா அடைச்சாலும் 25% முன்பணமும் ரெண்டு வரியும் சேத்து 572,600 வேணும்.

ஜூரோங்_மழை: இதுக்குத்தான் பேர் பிரிக்கிறது. வீட்டை வீட்டுக்காரம்மா பேருக்கு மாத்திட்டு, நீங்க முதல் வீடா வாங்குங்க. சிட்டிசன்னா ஏபிஎஸ்டி பூஜ்யம்.

மூத்தகுடி: தம்பி, இங்க தேடுறதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு, யாரும் தொடுறதில்ல. வீவக வீட்டுல இப்படிப் பேர் பிரிக்கிறதை 2016லயே நிறுத்திட்டாங்க. கல்யாணம், மணமுறிவு, மரணம், பணக்கஷ்டம் மாதிரி சில காரணத்துக்கு மட்டும்தான் விடுவாங்க. தெரியாதவங்க யோசனை சொல்லாம இருந்தாலே பாதி உதவி.

ஜூரோங்_மழை: நான் தனியார் வீட்டைச் சொன்னேன்.

மூத்தகுடி: அவர் நாலறை எச்டிபி வீடுன்னு எழுதியிருக்காரு. படிச்சீங்களா?

ஈசூன்காரன்: வாடகைக் கணக்கையும் பாருங்க. மாசம் 3,600ன்னு வச்சா வருஷம் 43,200. ஆண்டு மதிப்பு (வருஷத்துக்கு எவ்வளவு வாடகை வரும்னு வரித்துறை போடுற கணக்கு) 40,000ன்னா, நீங்க குடியிருக்காத வீட்டுக்கு முதல் 30,000க்கு 12%, அடுத்த 10,000க்கு 20%: சொத்துவரி 5,600. பராமரிப்பு மாசம் 300, ஏஜெண்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாச வாடகை. எல்லாம் போக 32,200. வட்டி இன்னும் கழிக்கல. வீடு காலியா கிடக்கிற மாசமும் இதுல இல்ல. 4 வருஷத்துக்குள்ள வித்தா விற்பவர் முத்திரை வரி வேற: முதல் வருஷம் 16%, அப்புறம் 12, 8, 4.

தேக்கா_டீ: சிபிஎஃப் பணத்தை எடுத்தா, வீட்டை விக்கும்போது 2.5% வட்டியும் சேத்துத் திருப்பிக் கட்டணும், அது சுத்த நஷ்டம்.

கணக்குப்புள்ள: யாருக்கு நஷ்டம்? விக்கும்போது அது உங்க சொந்த சிபிஎஃப் கணக்குக்குத்தான் திரும்புது.

தேக்கா_டீ: கைக்கு வராத பணம் என் பணமா?

கணக்குப்புள்ள: 55 வயசைத் தாண்டி சிபிஎஃப் பணம் எடுத்தவங்ககிட்ட இதைக் கேளுங்க.

மூத்தகுடி: ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. கேட்டவர் இன்னும் குடியுரிமையைச் சொல்லல.

தெம்பனிஸ்_புதுசு: சாரி, வேலையில இருந்தேன். ரெண்டு பேரும் பிஆர். அது முக்கியமா?

கணக்குப்புள்ள: அதுதான் முக்கியம். பிஆருக்கு ரெண்டாவது வீட்டு ஏபிஎஸ்டி 30%, 360,000. அதுபோக, காண்டோ வாங்கின 6 மாசத்துல வீவக வீட்டை வித்தாகணும். ரெண்டையும் வச்சுக்க முடியாது. வித்தப்புறம் ஏபிஎஸ்டியைத் திருப்பிக் கேக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க; தம்பதியில ஒருத்தராவது சிட்டிசனா இருந்தாத்தான் அந்தச் சலுகை. முதல்ல வீவக வீட்டை வித்துட்டு வாங்கினா ஏபிஎஸ்டி 5%, 60,000. ஆனா அப்ப காண்டோல நீங்கதான் குடியிருக்கணும், இல்லன்னா அதை வாடகைக்கு விட்டுட்டு நீங்க வேற வீட்டுக்கு வாடகைக்குப் போகணும்.

ஈசூன்காரன்: செக் கொடுத்தா 12,000. 14 நாள்ல ஆப்ஷனை (அந்த விலைக்கு வாங்குற உரிமை) எடுக்கலன்னா அது விற்பவருக்கு. பேங்க் ஒப்புதல் கையில இல்லாம கொடுக்காதீங்க.

தெம்பனிஸ்_புதுசு: கொடுக்கல. நன்றி.

தேக்கா_டீ: அதான் ரீட்னு அப்பவே சொன்னேன்.

கணக்குப்புள்ள: ரீட் பங்கு விலை விழுந்தா சிபிஎஃப்போட அந்த 2.5% ஞாபகம் வரும்.