ஃபோர்காஸ்ட்: முன்னறிவிப்பா, முன்கணிப்பா?

ஐயா, வணக்கம். ஃபோர்காஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்கணிப்பு என்று வைக்கலாம் என்றேன். அதற்கு நீங்கள் கேட்டது:

> "வானிலை முன்னறிவிப்பு" ரேடியோ காலத்திலிருந்து பழகிய சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்காஸ்ட் என்ற சொல்லை வானிலைக்குக் கொண்டுவந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ன நினைத்து அதை எடுத்தார் என்று பார்த்தால், முன்கணிப்புதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஃபிட்ஸ்ராய் கடற்படைக்காரர். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் கேப்டன். 1843இல் நியூசிலாந்தின் ஆளுநரானார். அங்கே வைராவ் என்ற இடத்தில் நிலத்தகராறில் வெள்ளைக் குடியேறிகளுக்கும் பூர்வகுடி மாவோரிகளுக்கும் நடந்த மோதலில் வெள்ளையர் 22 பேர் இறந்திருந்தும், தப்பு குடியேறிகள் பக்கம்தான், மாவோரிகள் பக்கம் இல்லை என்று குடியேறிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர்கள் கொதித்துப்போனார்கள். கஜானாவும் காலி. 1845இல் லண்டன் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

1854இல் பிரிட்டனின் வானிலைத் துறை அவர் கைக்கு வந்தது. 1859 அக்டோபர் புயலில் ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கரையில் மோதி உடைந்து, 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்புறம்தான் அவர் பல துறைமுகங்களின் காற்றழுத்தம், காற்றின் திசை எல்லாவற்றையும் தந்தியில் வரவழைத்து, ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு, ஆபத்து தெரிந்தால் கரையில் எச்சரிக்கை அடையாளமாகக் கூம்பும் உருளையும் ஏற்றச் சொன்னார். நம் நாகப்பட்டினத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அதே வழக்கம்தான். 1861 ஆகஸ்டிலிருந்து நாளிதழிலும் வானிலை ஃபோர்காஸ்ட் வெளியிட்டார். இது தீர்க்கதரிசனமோ ஆரூடமோ இல்லை, அறிவியல் முறையில் கணக்கிட்டு எட்டிய கருத்து என்று அவரே விளக்கியிருக்கிறார்.

"முன்னறிவிப்பின்றி மின்தடை" என்கிறோமே, அங்கே முன்னறிவிப்பு என்பது முன்கூட்டித் தகவல் சொல்வது மட்டும்தான். அதில் கணக்கு இல்லை. யாழ்ப்பாண நண்பர் தந்த "எதிர்வுகூறல்" அழகான சொல், அங்கே வழக்கிலும் இருக்கிறது. ஆனால் அதுவும் கூறுவதைத்தான் சொல்கிறது. பிரிடிக்‌ஷனுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

கணிப்பு என்றால் ஜாதகம் நினைவுக்கு வருகிறதே என்றீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணினி என்று சொல்லும்போது யாருக்கும் ஜாதகம் நினைவுக்கு வருவதில்லை. புழங்கப் புழங்க இதுவும் அப்படி ஆகிவிடும்.

சரி, ஃபோர்காஸ்ட் சொல்லுக்கான பதிவில் முன்கணிப்பை முதலிலும், முன்னறிவிப்பை வழக்குச் சொல் என்ற குறிப்போடு அடுத்தும் போடலாமா?